துருசுத் திறப்பு

மூன்றாம் நாளும் நான்தான் ஒட்டினேன்:
வெளிநோயாளர் பிரிவு இயங்காது.
நேற்றைய தாளின் பசை காயவில்லை,
அதற்கு மேலேயே ஒட்டினேன்.
கையெழுத்து என்னுடையது.
அதனாலோ என்னவோ
ஏச்சும் எனக்கே வருகிறது.

மல்லாவி ஆஸ்பத்திரியில்
நம்பர் துண்டு கொடுப்பவள் நான்.
துண்டுக்கட்டு
றப்பர் பான்ட் கழற்றாமல் மேசையில் கிடக்கிறது.
பாலிநகர்ப் பக்கமிருந்து
முதல் பஸ்ஸில் வந்தவர்களுக்கு
திரும்பிப் போகும் பஸ் பத்தரைக்கு.
அதுவரை அவர்களுக்கு
என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர
வேறு வேலையில்லை.

"சனத்தை விட்டிட்டுக் காசு கேக்கினமோ?
சண்டைக்குள்ள தறப்பாளுக்குக் கீழ நிண்டு
மருந்து கட்டினவையள்
ஓவர்ரைம் கேட்டவையளே?"

கேட்டது அரியகுட்டி அண்ணை.
அவர் காலுக்குள் அந்த வருசத்து இரும்பு
இன்னும் இருக்கிறது.
அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.
ஆனாலும்
அந்தத் தறப்பாளையே காட்டிக் காட்டி
எத்தனை வருசத்துக்கு
ஒரு ஆஸ்பத்திரியை நடத்துவது?

டொக்டர் ஹர்ஷனி கேகாலைக்காரி.
தமிழில் அவ பிடித்த முதற் சொல் "நோகுதா",
இரண்டாவது "எத்தினை நாளா".
நாலு டொக்டர்மாருக்குக் கட்டின குவாட்டர்ஸில்
இரண்டு கதவில் ஆமைப்பூட்டு.
ஒருவர் அவுஸ்திரேலியா.
மற்றவர் சோதினை பாஸ்பண்ணி இங்கிலாந்து.
அவர்களுடைய இரவுகளையும்
இருக்கிற இரண்டு பேரும்தான் முழித்தார்கள்.
அந்த முழிப்புக்கான காசைக் குறைத்து
கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபத்தை
கோவையில் போட்டதும் நான்தான்.
சிங்களத்தில் இருந்தது.
தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்.
தொகை மட்டும் எனக்கு விளங்கியது.

நேற்றிரவு பதினொன்றரைக்கு
துணுக்காய்ப் பெடியன் ஒருவனைப் பாம்பு கடித்து
மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்கள்.
ஹர்ஷனி ஓடிவந்தா,
ஒரு காலில் தன் செருப்பு
மற்றக் காலில் யாருடையதோ.
அது வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள்.
இதை எந்தத் தாளில் எழுதி எங்கே ஒட்டுவது?

பத்மலோஜினி ஏசவில்லை.
மடியில் குழந்தை, காய்ச்சல், நாலாம் நாள்.
கிளிநொச்சித் தனியார் கிளினிக்குக்கு
போன் போட்டு எவ்வளவு என்று கேட்டாள்.
பிறகு பேர்ஸைத் திறந்து எண்ணினாள்.
பிறகு இன்னொரு தரம் எண்ணினாள்.
குழந்தையை நான் வாங்கி
அவசரப் பிரிவுக் கதவைத் தோளால் தள்ளினேன்.
அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.

பத்து மணிச் செய்தி.
நோயாளரைப் பணயம் வைக்க இடமளியோம் என்றார் அமைச்சர்.
பேச்சுக்கு எப்போதும் தயார் என்றார்.
திகதி பின்னர் அறிவிக்கப்படும்.

"அண்ணை," என்றேன்,
"சிறுபோகக் கூட்டம் நடக்குதெல்லே, வவுனிக்குளத்தில?"
"ஓம்."
"கதிரை பறந்த வருசமும் இருக்கு."
"இருக்கு. ஒண்டு நான் எறிஞ்சது."
"திகதி வைக்காமல் ஆரும் எழும்பினவையோ?"
"எழும்ப விடுவமே? பயிர் பொறுக்குமே?
நீர்ப்பாசனத்தார், கச்சேரியார்,
எல்லாரும் இருந்துதான் ஆகவேணும்."
"துருசு பூட்டிக் கிடக்கேக்க
வாய்க்காலுக்கோ ஏசுவியள்?"

அவர் காலை நீட்டினார். மடக்கினார்.
குவாட்டர்ஸ் பக்கம் பார்த்தார்.
கொடியில் ஒரு வெள்ளைக் கோட்
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
"அப்ப திறப்பு ஆரிட்ட?"
மாங்குளம் றோட்டு இருக்கிற பக்கம்
கை காட்டினேன்.
அந்த றோட்டால் கொழும்புக்கு எட்டு மணித்தியாலம்.
வருகிறவர்களுக்கும் அதே எட்டுத்தான்.

பஸ் ஹோன் அடித்தது.
போகிறார் என்று நினைத்தேன்,
மேசைக்கு வந்தார்.
"எனக்கொரு துண்டு தா பிள்ளை."
"இண்டைக்கு இல்லை அண்ணை."
"இண்டைக்கு ஆர் கேட்டது?"

றப்பர் பான்டைக் கழற்றி
ஒன்று என்று எழுதினேன்.
திகதிக் கோட்டில் பேனை நின்றது.
"அதை விடு," என்றார்,
"அது அவையள் எழுத வேண்டியது."
கிளினிக் கொப்பிக்குள் துண்டை வைத்து மடித்து
ஓடாத காலால்
பஸ்ஸுக்கு ஓடினார்.